வெற்றுக் களிம்பை வெல்லுமா கஞ்சா?

(தோல் அழற்சிக்கான தாவரக் கன்னாபினாய்டுகள் குறித்துப் புதுச்சேரியின் காலாப்பட்டில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரெஞ்சுத் தாவரவியலார் லாமார்க் 1785இல் ஒரு செடிக்குக் கன்னாபிஸ் இண்டிகா என்று தனிப் பெயர் வைத்தார். ஐரோப்பிய விவசாயிகள் நாருக்காக வளர்த்துவந்த கன்னாபிஸ் சட்டைவா வேறு, இந்தியாவில் வளரும் இது வேறு என்பது அவர் முடிவு. இந்தியச் செடியின் உலர்ந்த மாதிரி அவருக்குக் கிடைத்தது பியேர் சொன்னேரா வழியாக. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை பார்த்தவர் அவர். பின்னாளில் ஏனாமுக்குப் பொறுப்பாக இருந்தார். தம் இந்தியப் பயணங்களைப் பற்றி 1782இல் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். 

ஆக, கஞ்சாச் செடி உலகத் தாவரவியல் ஏட்டில் ஏறிய கதையில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தச் செடி இப்போது வேறு வடிவில் வந்து நிற்கிறது. சிறு குப்பியில் எண்ணெயாகவும், குழாயில் கிரீமாகவும், மேலே ‘சிபிடி’ என்ற மூன்றெழுத்தைத் தாங்கியும் வருகிறது. சொரியாசிஸ், எக்ஸிமா, முகப்பரு, தீராத அரிப்பு எதுவானாலும் தடவலாம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு இன்னும் நிரூபணம் ஆகாதது என்பதுதான் இந்த உரையின் பொருள். தோலின் மேல் தடவுவது மட்டுமே இங்கே பேச்சு. புகைப்பதும் உட்கொள்வதும் வேறு விஷயம்.

ஏன் இன்னொரு மருந்து வேண்டும்?

தோல் அழற்சிக்கு மருத்துவரிடம் மருந்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு களிம்பு இருக்கிறது. சரியான வீரியத்தில், சரியான இடத்தில், சரியான நாள் கணக்கில் தடவினால் எக்ஸிமாவை அது விரைவாக அடக்கும். கோளாறு, அது கிடைக்கும் விதத்திலும் பயன்படும் விதத்திலும் இருக்கிறது.

இந்தியாவில் பல ஆண்டுகளாக வீரியமான ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவரின் சீட்டு இல்லாமலே வாங்க முடிந்தது. அரிப்புக்கு வாங்கினார்கள், படர்தாமரைக்கு வாங்கினார்கள், முகம் வெளுக்கவும் வாங்கினார்கள். மாதக்கணக்கில் தடவியவர்களின் தோல் மெலிந்தது, இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன, பெண்களின் முகத்தில் முடி வளர்ந்தது. படர்தாமரைமேல் ஸ்டீராய்டு பட்டால் சிவப்பும் அரிப்பும் அடங்கியதுபோல் தெரியும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே போகும். தோல் மருத்துவர்களின் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகளின் மேல்பூச்சு மருந்துகளைச் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய ‘எச்’ அட்டவணைக்குள் கொண்டுவந்தது.

சொரியாசிஸும் எக்ஸிமாவும் வந்து போகும் நோய்கள் அல்ல, ஆண்டுக்கணக்கில் கூடவே வருபவை. அப்படிப்பட்ட நோயாளிக்கு, நெடுநாள் தடவினாலும் தோலைக் கெடுக்காத ஒரு மருந்து கிடைத்தால் அது பெரிய உதவி. கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபினாய்டு என்ற வேதிப்பொருள்கள் பற்றிய ஆராய்ச்சியின் மீது வைக்கப்படும் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. அந்த நம்பிக்கை நியாயமானது, ஆகவேதான் அதைச் சோதிக்காமல் விற்பதை ஏற்க முடியாது.

தமிழ் மருத்துவத்தில் தோல்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தோல் நோய்க்கு மூலிகைத் தைலம் தடவுவது புதிதல்ல. எக்ஸிமா போன்றவற்றைச் சித்த மருத்துவர்கள் கரப்பான் என்பார்கள், சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்பார்கள். கரப்பானுக்கு அறுகம்புல் சேர்ந்த அருகன் தைலம். காளாஞ்சகப்படைக்கு வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலைகளைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் மெல்ல மெல்ல ஆழ்ந்த ஊதா நிறத்துக்கு மாறும். சித்த மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் சொரியாசிஸ் நோயாளிக்குப் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது இந்த எண்ணெய்தான்.

கஞ்சாவையும் சித்தர் மருத்துவம் அறியும். கோரக்கர் மூலி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. அதே நேரம், அது எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சரக்கு என்பதும் மரபுக்குத் தெரியும். மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் விதிகளில் ‘இ-1’ என்றொரு அட்டவணை இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் நச்சுத்தன்மை உள்ள சரக்குகளின் பட்டியல் அது. சித்தப் பிரிவில் எட்டி, நேர்வாளம், சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் அங்கே இடம்பெறுகிறது. இவை சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிட வேண்டும் என்பது விதி.

தோலுக்குள் நடப்பது என்ன?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உள்ளன. போதை தருவது டிஎச்சி. போதை தராதது கன்னாபிடியால், அதாவது சிபிடி. 1940இல் அமெரிக்க வேதியியலார் ராஜர் ஆடம்ஸ் சிபிடியைப் பிரித்தெடுத்தார். அதன் கட்டமைப்பை 1963இலும், டிஎச்சியின் கட்டமைப்பை 1964இலும் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் அவரோடு உழைத்தவர்களும் தெளிவாக்கினார்கள்.

இந்தப் பொருள்கள் உடலில் எதைப் போய்த் தொடுகின்றன என்பது கால் நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது. 1990இல் சிபி-1 ஏற்பியும், 1993இல் சிபி-2 ஏற்பியும் அடையாளம் காணப்பட்டன. முதலாவது பெரும்பாலும் மூளையிலும் நரம்புகளிலும், இரண்டாவது பெரும்பாலும் நோய் எதிர்ப்பு செல்களிலும் இருக்கிறது. இடையில் 1992இல், உடல் தானே சுரக்கும் கன்னாபினாய்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது, செடியின் பொருள் வருவதற்கு முன்பே உடலுக்குள் அந்த ஏற்பாடு இருக்கிறது. தோலிலும் இருக்கிறது. மேல்தோல் செல்கள், எண்ணெய்ச் சுரப்பிகள், அரிப்பைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள், அரிப்பை மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் ஆகியவற்றில் இந்த ஏற்பிகள் காணப்படுகின்றன.

தோலில் அவற்றுக்கு என்ன வேலை என்று காட்டியவை ஜெர்மனியின் பான் நகரில் வளர்ந்த எலிகள். மரபணு மாற்றத்தால் இரண்டு ஏற்பிகளும் இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அடையாளத்துக்காகக் காதில் உலோகப் பட்டை மாட்டியிருந்தார்கள். பட்டையில் நிக்கல் இருந்தது. சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்பி இல்லாத எலிகளுக்குப் பட்டையைச் சுற்றித் தோல் வெந்து புண்ணானது. அதைப் பார்த்த மெலிஹா கார்சாக், ஆந்த்ரேயாஸ் சிம்மர் குழுவினர் முறையாகச் சோதித்தார்கள். ஒவ்வாமை தரும் வேதிப்பொருளைக் காதில் தடவியபோது ஏற்பி இல்லாத எலிகளுக்கு வீக்கம் அதிகம். உடலின் சொந்தக் கன்னாபினாய்டு சிதையாமல் தங்கும்படி மாற்றப்பட்ட எலிகளுக்கு வீக்கம் குறைவு. டிஎச்சியை மேலே தடவியபோதும் வீக்கம் குறைந்தது. ‘சயின்ஸ்’ இதழில் 2007இல் வெளிவந்த இந்த ஆய்வு, தோல் அழற்சிக்கு ஒரு உள் கடிவாளம் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னது. கவரிங் நகையும் கைக்கடிகாரப் பட்டையும் பட்ட இடத்தில் அரிப்பெடுக்கும் எத்தனையோ பேருக்கு வருவதும் இதே நிக்கல் ஒவ்வாமைதான்.

அதே ஆண்டில் பிரிட்டனில் வில்கின்சனும் வில்லியம்சனும் மனித மேல்தோல் செல்களைச் சோதனைத் தட்டில் வளர்த்து, கன்னாபினாய்டுகள் அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கின்றன என்று காட்டினார்கள். சொரியாசிஸில் மேல்தோல் செல்கள் மிக வேகமாகப் பெருகித் திட்டாகவும் செதிலாகவும் படிகின்றன என்பதால் அந்த முடிவு கவனம் பெற்றது. 2014இல் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் தமாஷ் பிரோவின் குழு, எண்ணெய்ச் சுரப்பி செல்களில் சிபிடி எண்ணெய்ச் சுரப்பையும் அழற்சியையும் குறைப்பதைக் கண்டது. சிபிடி இரண்டு சிபி ஏற்பிகளிலும் வலுவாக ஒட்டுவதில்லை என்பது இங்கே முக்கியம். அது வேறு வழிகளில் வேலை செய்கிறது.

உள்ளே போவதுதான் சிரமம்

செல்லில் நடப்பது நோயாளியின் முழங்கையில் நடக்க வேண்டும் என்றால், மருந்து முதலில் உள்ளே போக வேண்டும். தோலின் மேல் அடுக்கு, செத்த செல்களைச் செங்கலாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய சுவர். பெரிய மூலக்கூறுகள் அதைக் கடப்பதில்லை. எடை 500 டால்டனுக்குக் கீழே இருந்தால் கடக்க வாய்ப்பு உண்டு என்பது மருந்தியலில் பொதுவான கணக்கு. சிபிடியின் எடை ஏறத்தாழ 314. அந்த விதத்தில் தடை இல்லை. ஆனால் அது கொழுப்பில் மிக எளிதாகவும் நீரில் மிகச் சிரமமாகவும் கரையும் பொருள். மேல் அடுக்கின் கொழுப்புக்குள் விருப்பத்தோடு நுழைந்து அங்கேயே தங்கிவிடும். அதற்குக் கீழே நீர் மிகுந்த அடுக்குகளுக்கு இறங்குவதில்தான் தயக்கம். அழற்சியைக் கிளப்பும் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி இருப்பதோ கீழே.

ஆகவே ‘இதில் சிபிடி இருக்கிறது’ என்று சொன்னால் போதாது. எதில் கரைத்தார்கள், எவ்வளவு கலந்தார்கள், எவ்வளவு ஆழம் போனது என்ற மூன்றுக்கும் விடை வேண்டும். நானோ குழம்புகளையும் புதுவகை ஜெல்களையும் ஆய்வகங்கள் முயன்று பார்ப்பது இதற்காகத்தான். வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பட்டால் சிபிடி சிதையும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கான மருந்துகளை 30 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் நெடுநாள் வைத்துச் சோதிப்பது வழக்கம். சித்திரை வெயிலில் கடற்கரை ஊரில் கூரை வீட்டு அலமாரியில் இருக்கும் குப்பிக்கு அதைவிடக் கடுமையான நாள்கள் வரும்.

மனிதர்களிடம் என்ன ஆனது?

இத்தாலியில் 2019இல் வெளியான ஓர் ஆய்வை விற்பனையாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். 20 நோயாளிகள்: சொரியாசிஸ் ஐந்து பேர், எக்ஸிமா ஐந்து பேர், தழும்பு பத்துப் பேர். போதைப்பொருள் நீக்கிய சிபிடி களிம்பை நாளுக்கு இருமுறை மூன்று மாதம் தடவினார்கள். தோலின் ஈரமும் நெகிழ்வும் கூடின, நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, கெடுதி எதுவும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிபிடி இல்லாத அதே களிம்பைத் தடவிய இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை.

அந்த இன்னொரு குழு எவ்வளவு முக்கியம் என்பது அதே ஆண்டில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் போட்டானிக்ஸ் நிறுவனம் முகப்பருவுக்கான சிபிடி மருந்தை 350க்கும் மேற்பட்டவர்களிடம் 12 வாரம் சோதித்தது. சிலருக்குச் சிபிடி கலந்தது, சிலருக்கு அது இல்லாத வெற்றுக் களிம்பு. யாருக்கு எது என்று தடவியவருக்கும் தெரியாது, பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. மருந்து தடவியவர்களுக்குப் பரு குறைந்தது. வெற்றுக் களிம்பு தடவியவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. வகுத்த இலக்கை மருந்து எட்டவில்லை. எக்ஸிமாவுக்கு அந்த நிறுவனம் பின்னர் நடத்திய சோதனையிலும் மருந்து வெற்றுக் களிம்பை முந்தவில்லை.

இந்த ஒரு செய்திதான் இன்றைய உரையின் மையம். தோல் நோயில் வெற்றுக் களிம்பே வலுவான மருந்து. வறண்டு வெடித்த தோலுக்கு ஈரமும் எண்ணெயும் கிடைத்தாலே சுவர் சீராகும், அரிப்பு தணியும், சொறிவது குறையும், சொறிவது குறைந்தால் புண் ஆறும். ஆகவே ஒரு மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அது எதில் கலந்து வருகிறதோ அதையே முதலில் வெல்ல வேண்டும்.

இதற்குத் தேங்காய் எண்ணெயைவிடப் பொருத்தமான சான்று இந்தக் கடற்கரைக்குக் கிடையாது. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளை இரு குழுவாக்கி, எட்டு வாரம் ஒரு குழுவுக்குத் தேங்காய் எண்ணெயும் மறு குழுவுக்குக் கனிம எண்ணெயும் தடவிப் பார்த்தார்கள். நோயின் தீவிரக் குறியீடு தேங்காய் எண்ணெய்க் குழுவில் சராசரியாக 68 விழுக்காடு இறங்கியது. கனிம எண்ணெய்க் குழுவில் 38 விழுக்காடு. இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதற்கு முன் 2008இல் அதே நாட்டில் பெரியவர்களிடம் ஆலிவ் எண்ணெயோடு ஒப்பிட்டார்கள். எக்ஸிமாவை மோசமாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி தேங்காய் எண்ணெய்க் குழுவின் 26 பேரில் 20 பேருடைய தோலில் இருந்தது. நான்கு வாரம் கழித்து ஒருவரிடம் மட்டுமே மிஞ்சியது. தேங்காய் எண்ணெயில் கலந்து விற்கும் எந்தக் கஞ்சா மருந்தும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இந்த எண்ணிக்கைகளில் இருக்கிறது.

இதைக் கேட்டு நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. தாய்லாந்தில் சொரியாசிஸ் நோயாளிகளிடம் வெற்றுக் களிம்போடு ஒப்பிட்டு இரண்டு மையங்களில் நடத்திய சோதனை 2022இல் வெளியாகி, சிபிடி களிம்புக்குச் சாதகமான முடிவைத் தந்தது. உடலே தயாரிக்கும் பால்மிடாயில் எத்தனாலமைடு என்ற கொழுப்புப் பொருளும் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கியது. நிலக்கடலை, சோயா, முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றிலும் அது உண்டு. அது கலந்த கிரீமை எக்ஸிமா உள்ள 2,456 பேர் பயன்படுத்தியதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். அரிப்பு குறைந்தது, பலர் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டார்கள். அதிலும் வெற்றுக் களிம்பு ஒப்பீடு இல்லை என்ற குறை இருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பது என்ற இலக்கு எட்டக்கூடியதுதான் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

அஞ்சறைப் பெட்டியில் ஒரு கன்னாபினாய்டு

சிபி-2 ஏற்பியைத் தொட கஞ்சாதான் வேண்டும் என்பதில்லை. சுவிட்சர்லாந்தில் யூர்க் கெர்ச்சும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2008இல் வெளியிட்ட கட்டுரை, பீட்டா-கேரியோஃபிலின் என்ற மணப்பொருள் சிபி-2இல் ஒட்டி அதைத் தூண்டுகிறது என்று காட்டியது. அது கஞ்சாவில் மட்டும் இல்லை. மிளகிலும் இலவங்கத்திலும் துளசியிலும் இருக்கிறது. அந்தப் பொருளை வாய்வழி கொடுத்தபோது சாதாரண எலிகளின் பாத வீக்கம் குறைந்தது. சிபி-2 இல்லாத எலிகளுக்குக் குறையவில்லை. போதை தரும் சிபி-1 ஏற்பியை அது தொடுவதில்லை என்பதால் சட்டச் சிக்கலும் இல்லை, தலைச்சுற்றலும் இல்லை. தமிழக, கேரள, புதுச்சேரி ஆய்வகங்களுக்கு இதைவிட நெருக்கமான பொருள் அமையாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மிளகையோ இலவங்க எண்ணெயையோ அழற்சி உள்ள தோலில் நேரடியாகத் தடவக் கூடாது. இலவங்க எண்ணெயில் உள்ள யூஜெனால் தோலைச் சுடும். மணப்பொருள்கள் நாள்பட்டுக் காற்றில் மாறும்போது தாமே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. ஒரு பொருளுக்குள் நல்ல மூலக்கூறு இருப்பதும், அந்தப் பொருளே மருந்தாவதும் ஒன்றல்ல.

குப்பியில் எழுதியதும் குப்பிக்குள் இருப்பதும்

அமெரிக்காவில் கடைகளிலும் இணையத்திலும் விற்ற 105 கன்னாபினாய்டு மேல்பூச்சுகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாங்கிச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். சிபிடி அளவைக் குறிப்பிட்டிருந்த 89 பொருள்களில் 21 மட்டுமே சொன்ன அளவுக்கு ஒத்திருந்தன. 52இல் எழுதியதைவிட அதிகம், 16இல் குறைவு. 105இல் 37 பொருள்களில் டிஎச்சியும் இருந்தது. அத்தனை ஆய்வகங்களும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் உள்ள நாட்டின் நிலை இது.

இந்தியாவில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. கஞ்சா விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு, இலையிலிருந்து எடுக்கும் சாறு வேறு. விதை எண்ணெயில் கன்னாபினாய்டு கிட்டத்தட்ட இல்லை. தோலுக்கு நல்ல கொழுப்பு அமிலங்கள் உள்ளன, அவ்வளவுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2021 நவம்பரில் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்று, எண்ணெயில் டிஎச்சி கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்று வரம்பு வைத்தது. இலைச் சாறு கொண்டவை ஆயுஷ் உரிமத்தில், ‘விஜயா’ என்ற பெயரில் வருகின்றன. புட்டியின் முகப்பில் பச்சை இலைப் படம் இரண்டிலும் ஒன்றுதான். பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்தால்தான் எது எது என்று தெரியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று குறிப்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. பிசினும் அந்தச் சட்டத்துக்குள் வரும். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி தர அரசுகளுக்கு அந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் அப்படி அனுமதி பெற்றுத் தன் பண்ணையில் கஞ்சாவைப் பயிரிட்டு ஆய்வு செய்கிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆராய்ச்சிக்குக் கதவு மூடியிருக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது.

மாநிறத் தோலில் சிவப்பைத் தேடுவது

ஆய்வு செய்வோர் மனத்தில் வைக்க வேண்டிய இன்னொன்று. சொரியாசிஸின் தீவிரத்தை அளக்கும் குறியீடு 1978இல் ஸ்வீடனில் உருவானது. சிவப்பு, தடிப்பு, செதில் என்ற மூன்றையும் அது எண்ணாக்குகிறது. வெள்ளைத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியும். தமிழர்களின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அது ஊதாவாக, சாம்பலாக, சில நேரம் வெறும் கருமையாகத் தெரியும். சிவப்பைத் தேடும் கண் அழற்சியைக் குறைத்து மதிப்பிட்டுவிடும். நோய் அடங்கிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும், பலரை அரிப்பைவிட அதிகம் வருத்துவது அதுதான். ஐரோப்பிய நோயாளிகளிடம் கிடைத்த முடிவை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

காலாப்பட்டில் தொடங்கக்கூடிய வேலை

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இந்தச் சிறு நீளத்தில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பொறியியலும் சட்டமும் கற்பிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. நகரத்துக்குள் 1823இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இருக்கிறது, சித்த மருத்துவத்துக்கான மத்திய அரசின் மண்டல ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. தோல் மருந்து ஒன்றை ஆரம்பம் முதல் முடிவுவரை சோதிக்கத் தேவையான வேதியியலார், தோல் மருத்துவர், சித்த மருத்துவர், சட்டம் அறிந்தவர் எல்லோரும் ஒரு பேருந்துத் தூரத்தில் இருக்கிறார்கள்.

முதல் ஆய்வுக்குக் கஞ்சாவே தேவையில்லை. வெட்பாலைத் தைலத்தில் தொடங்கலாம். உடலின் இரு பக்கமும் திட்டு உள்ள சொரியாசிஸ் நோயாளிகளின் ஒப்புதல் பெற்று, ஒரு பக்கம் வெட்பாலைத் தைலமும் மறுபக்கம் வெறும் தேங்காய் எண்ணெயும் தடவ வேண்டும். தைலத்தின் ஊதா நிறம் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வெறும் எண்ணெய்க்கும் அதே நிறம் ஏற்ற வேண்டும். எந்தக் குப்பியில் எது என்ற குறிப்பு ஆய்வு முடியும்வரை உறையில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் முன்பதிவும் வேண்டும். போதைப்பொருள் உரிமம் வேண்டியதில்லை. அந்த ஆய்வைச் சரியாக நடத்திய குழு, அடுத்து மிளகின் கேரியோஃபிலினை அதே முறையில் சோதிக்கலாம். அதன் பின் உரிமம் பெற்று, அளவு உறுதி செய்த சிபிடிக்குப் போகலாம். முடிவு எதுவானாலும், வெட்பாலை தோற்றாலும் சிபிடி தோற்றாலும், அதை மறைக்காமல் வெளியிட வேண்டும். தோற்ற மருந்தின் கதையைப் போட்டானிக்ஸ் வெளியிட்டதால்தான் இன்று இந்த மேடையில் அதைப் பேச முடிகிறது.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சிபிடி என்று எழுதிய எதையும் வாங்கும் முன் மூன்று விவரம் கேளுங்கள்: ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம், அதைச் சோதித்த ஆய்வகத்தின் அறிக்கை எங்கே, அதே களிம்பைச் சிபிடி இல்லாமல் தடவி ஒப்பிட்டார்களா. விடை இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல தேங்காய் எண்ணெய் வாங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை, குறிப்பாக ஸ்டீராய்டை, மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள். புதிதாக எதைத் தடவினாலும் முன்கையின் உட்பக்கத்தில் சிறு வட்டத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் கன்னாபினாய்டு மேல்பூச்சுகளை இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது.

வெட்பாலை ஆய்வில் சேர்ந்து வேலை செய்ய விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள்.